நூல்காசு மட்டும் தாறன் எண்டு சொல்லாதேங்கோ

முதல்ல என்ர பிழையில இருந்து தொடங்கிறன்.

போன நத்தாருக்கு நாரந்தனையில பெரியம்மா வீட்டு வாசல்கதவில ஒரு வளையம் தொங்கினது. பச்சை நூலில இலைகள், இடையில சிவப்பு நூலில சின்னச் சின்னப் பழங்கள், கீழ ஒரு சிவப்புப் பட்டி முடிச்சு. எல்லாம் குரோசே. மாரி மழையில ஊர் முழுக்க நனைஞ்சு கிடக்க, அந்தக் கதவு மட்டும் வெளிச்சமா இருந்த மாதிரி. நான் போனை எடுத்து நாலு படம் பிடிச்சன். "பெரியம்மா, இதைப் போட்டா ஆக்கள் வாங்குவினம்" எண்டு சொன்னன். "ஆர் பிள்ளை வாங்கப்போகினம், சும்மா இருக்கிற நேரத்தில பின்னினது" எண்டா அவ. நான் படத்தைப் போட்டு, கீழ 900 ரூபா எண்டு எழுதினன். ஏன் 900? ஒரு கணக்கும் இல்லை. 1000 எண்டா ஆக்கள் யோசிப்பினம், 900 எண்டா வாங்குவினம், அவ்வளவுதான்.

வாங்கிச்சினம். ரெண்டு நாளில ஏழு பேர். எட்டாவதா வெளிநாட்டில இருந்து வந்து நிண்ட ஒருத்தர் வீட்டுக்கே வந்தார். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல வடிவு அக்கா. பத்துத் தாங்கோ, கொண்டுபோய்க் குடுக்க. 750 போட்டுத் தாங்கோவன், நூல்காசு வந்தாச் சரிதானே?" பெரியம்மா ஓம் எண்டு தலையாட்டினா. நான் பக்கத்தில நிண்டன், வாய் திறக்கேல்லை. அந்தப் பத்தையும் முடிக்க அவ நத்தாருக்கு முதல் நாள் விடிய மட்டும் இருந்து பின்னினா. அந்த முறை வீட்டில பயத்தம் பணியாரம் சுடேல்லை. பாலன் குடிலும் பிந்தித்தான் வைச்சது.

இந்தக் கட்டுரை அந்த 'நூல்காசு' என்ற சொல்லுக்கு எதிரானது. அதைச் சொன்னவருக்கு மட்டும் இல்லை, 900 என்று எழுதின எனக்கும், இதை வாசிச்சுக்கொண்டு "எங்கட அம்மாவும் பின்னுவா" என்று சிரிக்கிற உங்களுக்கும்.

ஒரு வளையம், ஆறு மணித்தியாலம்

நத்தார் முடிய ஒருநாள் பெரியம்மாவோட இருந்து மணிக்கூடு வைச்சுப் பார்த்தன். அவ சிரிச்சா. நான் எழுதிக்கொண்டே இருந்தன்.

உடுப்புக் கொழுவுற பழைய கம்பியை வளைச்சு, குறுக்காக 20 சென்ரிமீற்றர் வாற மாதிரி ஒரு வட்டம். அந்தக் கம்பி தெரியாமல் சுற்றிவர 120 டபிள் குரோசே. இதுக்கு 30 நிமிடம். (யூரியூப் பார்த்துப் பழகுகிற ஆக்களுக்கு ஒரு சொல்: அமெரிக்கக்காரர் சிங்கிள் குரோசே என்று சொல்லுறதைத்தான் எங்கட பழைய பிரித்தானியப் புத்தகங்கள் டபிள் குரோசே என்று சொல்லும். ரெண்டையும் கலந்தால் இலை இலையா வராது.)

பிறகு இலைகள். ஒரு இலைக்கு 10 சங்கிலி. அந்தச் சங்கிலியின் ஒரு பக்கமாகப் போகும்போது முதலில் குட்டைத் தையல், நடுவுக்கு வர வர உயரமான தையல், நுனிக்குப் போக மறுபடி குட்டை. பிறகு அதே மாதிரி மற்றப் பக்கம். அதனால்தான் நடு அகன்று நுனி ஒடுங்கி வருகிறது. ஒன்றுக்கு 7 நிமிடம், 24 இலைக்கு 168 நிமிடம். பழங்கள் 9: ஒவ்வொன்றையும் உருண்டையாகப் பின்னி, உள்ளுக்குப் பஞ்சு வைத்து, வாய் மூட 8 நிமிடம். மொத்தம் 72. பட்டி முடிச்சுக்கு 40. கடைசியாக, எல்லாரும் மறக்கிற வேலை: 24 இலையையும் 9 பழத்தையும் வளையத்தில் தைத்து, ஒவ்வொன்றின் நூல் வாலையும் உள்ளுக்கு ஒளித்து வெட்டுவது. ஒரு மணித்தியாலம்.

கூட்டிப் பாருங்கோ: 370 நிமிடம். ஆறு மணித்தியாலமும் பத்து நிமிடமும். இது 40 வருசமாப் பின்னுகிற கையின் வேகம். நான் பின்னினால் ரெண்டு நாள் வேணும்.

இனிக் காசு. நூல், பஞ்சு எல்லாம் சேர்த்து ஒரு வளையத்துக்கு 480 ரூபா முடிஞ்சது. இலங்கையின் தேசிய குறைந்தபட்ச நாட்கூலி 2025 ஏப்ரலில் 1080 ரூபா ஆனது. 2026 தை தொடக்கம் 1200 ரூபா. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 150. இது நாட்டில் ஆருக்கும் இதுக்குக் கீழ குடுக்கக்கூடாது என்று சட்டம் கீறின கோடு. திறமைக்கான கூலி இல்லை. அந்தக் கோட்டில் வைத்தாலே ஒரு வளையத்தின் கூலி 925 ரூபா. நூலோடு 1405.

நான் எழுதின 900 இல் நூல் போக மிச்சம் 420. மணிக்கு 68 ரூபா. வந்தவர் கேட்ட 750 இல் மிச்சம் 270. மணிக்கு 44 ரூபா. பத்து வளையத்துக்கும் கிட்டத்தட்ட 62 மணித்தியாலம் இருந்து பெரியம்மா உழைச்சது 2700 ரூபா. எட்டு நாள் வேலைக்கு ரெண்டேகால் நாள் சம்பளம்.

இதில் சட்டமும் உதவாது. குறைந்தபட்சக் கூலி முதலாளி இருக்கிற தொழிலாளிக்கு. வீட்டு விறாந்தையில் இருந்து பின்னுகிறவருக்கு முதலாளி இல்லை. வாங்குகிறவர் மட்டும்தான். அப்ப நியாயமும் வாங்குகிறவரின் வாயில்தான் இருக்கு.

மேசனுக்குச் சொல்லிப் பாருங்கோ

எங்கட ஊரில மதில் கட்ட மேசன் வாறார். அவரிட்டப் போய், "அண்ணை, சீமெந்துக் காசு மட்டும் தாறன், சரிதானே?" எண்டு கேட்டுப் பாருங்கோ. தேங்காய் பிடுங்க வாறவரிட்ட, "மரம் ஏறுறது உங்களுக்குப் பழக்கம்தானே, கயித்துக் காசு தாறன்" எண்டு சொல்லிப் பாருங்கோ. விசரெண்டு நினைப்பினம். சரியாத்தான் நினைப்பினம்.

அப்ப ஏன் பெரியம்மாவிட்டக் கேக்கலாம்? அவ வீட்டில இருந்து செய்யிறா. இருந்துகொண்டு செய்யிறா. சமையலுக்கும் செபமாலைக்கும் இடையில செய்யிறா. அவ பொம்பிளை. இந்த நாலும் சேர்ந்தால் ஒரு வேலை 'பொழுதுபோக்கு' ஆகிவிடும்.

"சும்மா இருக்கிற நேரம்" என்று ஒரு நேரம் பெரியம்மாவுக்கு இருந்ததை நான் காணவில்லை. விடிய எழும்பித் தண்ணி பிடிக்கவேணும். நல்ல தண்ணிக்கு அலைகிறது தீவுப்பகுதிப் பெண்களுக்குப் புதுசு இல்லை. முற்றம் கூட்டவேணும், கோழி பார்க்கவேணும், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேணும். இந்த எல்லாத்தையும் முடிச்சு, நித்திரையில இருந்து வெட்டி எடுத்த நேரம்தான் அந்த ஆறு மணித்தியாலம்.

நரசாப்பூரில் நடந்தது

இது எங்கட ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைத்தால், ஆந்திராவின் மேற்குக் கோதாவரிப் பக்கம் நரசாப்பூர் என்ற ஊரைப் பாருங்கோ. 19ஆம் நூற்றாண்டில் ஸ்கொட்லாந்து மிஷனரித் தம்பதி ஒன்று அங்குள்ள ஏழைப் பெண்களுக்குக் குரோசே ரேந்தை பின்னக் காட்டிக்கொடுத்தது. அது பெருகி ஏற்றுமதித் தொழில் ஆனது. மரியா மீஸ் என்ற ஜேர்மன் சமூகவியலாளர் அங்கு போய் ஆராய்ந்து 1982 இல் 'நரசாப்பூரின் ரேந்தைக்காரிகள்' என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: பெண்கள் வீட்டு வேலைக்கு மேலே ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் பின்னினார்கள். ரேந்தை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. தரகர்களும் ஏற்றுமதிக்காரரும் ஆண்கள். அவர்களின் பெயர் 'வியாபாரி'. பின்னினவர்களின் பெயர் 'இல்லத்தரசி'. அவர்கள் செய்தது 'ஓய்வு நேர வேலை'.

மீஸின் வாதத்தின் கூர் இங்கேதான். கூலி குறைவாக இருந்ததால் அவர்களை இல்லத்தரசி என்று சொல்லவில்லை. இல்லத்தரசி என்று சொன்னதால்தான் கூலியைக் குறைவாக வைத்திருக்க முடிந்தது. "இது வேலை இல்லை" என்ற சொல்லே சுரண்டலின் கருவி. ஒரு தொழிற்சாலை கூட வேண்டாம், ஒரு சொல் போதும்.

இதே குரோசேயை வேறு மாதிரியும் பார்த்த இடம் உண்டு. 1845 இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. கோர்க் பக்கம் கன்னியர் மடங்களும், குளோன்ஸ் என்ற ஊரில் 1847 இல் கசாண்ட்ரா ஹாண்ட் என்ற பாதிரியாரின் மனைவியும் குரோசே ரேந்தையைப் பஞ்ச நிவாரண வேலையாக நடத்தினார்கள். ஊசி ரேந்தையை விட வேகமாக முடியும், ஒரு கொக்கி ஊசியும் நூலும் போதும் என்பதால் அது சோறு போட்டது. ஆண்களும் பிள்ளைகளும் கூடப் பின்னின வீடுகள் இருந்தன. பசி வந்தபோது அதை ஆரும் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லை.

எங்கட பக்கம்? ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது; நத்தாரும் அவர்களின் சொல்தான். 1824 இல் தொடங்கின உடுவில் மகளிர் பள்ளி முதல், 1862 இல் யாழ்ப்பாணம் வந்த திருக்குடும்பக் கன்னியர் வரை, பெண்பிள்ளைகளின் படிப்புக்கு வழி திறந்தது மிஷன்தான். அதுக்கு நன்றி சொல்லவேணும். ஆனால் ஊசி வேலை எங்களுக்கு வந்து சேர்ந்தது 'அடக்கமான பிள்ளைக்கு அழகு' என்ற பட்டத்தோடு. அழகு என்று பேர் வைச்ச பிறகு கூலி கேக்கிறது அசிங்கம் ஆகிப்போச்சு. போருக்குப் பிறகு வந்த சுயதொழில் பயிற்சிகளும் இதை மாற்றவில்லை. ஊசி குடுத்தார்கள், நூல் குடுத்தார்கள், சான்றிதழ் குடுத்துப் படம் எடுத்தார்கள். விலை எப்படிப் போடுறது என்று ஒரு மணித்தியாலம் கூடச் சொல்லிக் குடுக்கவில்லை. பெரியம்மாவின் சான்றிதழ் அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு.

"கடையில இதைவிட மலிவு"

இனி வாற மறுப்புகளுக்கு.

ஒன்று: "கடையில பிளாஸ்ரிக் வளையம் இதைவிட மலிவு." சரி, அதை வாங்குங்கோ. நான் தடுக்கவில்லை. ஆனால் பிளாஸ்ரிக் விலையைக் கொண்டுவந்து குரோசேக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ. இன்னொன்றும் தெரிஞ்சிருக்கவேணும். ஊசியால் பின்னுகிற ஸ்வெற்றர் வகைப் பின்னலுக்கு 1589 இலேயே வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். அதில் ஒரு வரிசைக் கண்ணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊசிகளில் நிற்கும், இயந்திரத்துக்கு வசதி. குரோசேயில் ஒரு நேரத்தில் ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு முறையும் கொக்கி முன்னைய தையலுக்குள் வேறு வேறு திசையில் நுழைந்து நூலை இழுக்கவேணும். குரோசே மாதிரித் தோற்றம் தாற பின்னலை இயந்திரம் செய்யும். உண்மையான குரோசேயைத் தொழிற்சாலை இயந்திரங்கள் இன்றைக்கும் பின்னுவதில்லை. அப்படியென்றால் பெரிய கடையில் மலிவாகத் தொங்குகிற உண்மையான குரோசே மேற்சட்டையையும் எங்கேயோ ஒரு பெண் கையால் பின்னியிருக்கிறா. அந்த மலிவு இயந்திரத்தின் திறமை இல்லை. இன்னொரு நரசாப்பூர்.

ரெண்டு: "அவவே நூல்காசு போதும் எண்டு சொல்லுறா." ஓம், சொல்லுவா. தன் வேலைக்கு விலை கேட்டால் 'காசுக்கு அலையிறா' என்று ஊர் சொல்லும் என்று தெரிஞ்ச வயசு அவவுக்கு. 40 வருசமா ஒருத்தரும் மணித்தியாலம் எண்ணாத வேலைக்கு அவ மட்டும் எப்படி எண்ணுவா? அவவின்ர கூச்சத்தை விலைக்கழிவா எடுக்கிறது நேர்மை இல்லை.

மூன்று: "ஊரில ஆர் 1400 குடுப்பினம்?" இதுதான் உண்மையான கேள்வி. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கடன் இருக்கு, அவவால முடியாது. அதுக்குப் பதில் விலையைக் குறைக்கிறது இல்லை, வளையத்தைக் குறைக்கிறது. எட்டு இலை, மூன்று பழம், உள்ளங்கை அளவில ஒரு சின்ன வளையம் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடியும். பாலன் குடிலில தொங்கவிடப் போதும். ஆளுக்கு ஏற்ற பொருள் செய்யலாம், ஆளுக்கு ஏற்ற மாதிரிக் கூலியை அறுக்கக்கூடாது. முடிஞ்சவரிட்ட, அதாவது விமானச் சீட்டு எடுத்து வந்து நிற்கிறவரிட்ட, முழு விலை கேக்கவேணும். அவர் இருக்கிற நாட்டில் ஒரு மணித்தியாலக் கூலி எவ்வளவு என்று அவருக்கு எங்களைவிட வடிவாத் தெரியும்.

நாலு, எங்கட கூட்டத்துக்குள்ளேயே வாற மறுப்பு: "வளையமே எங்கட பண்பாடு இல்லை. பைன் இலையும் பனிக்காலமும் நாரந்தனைக்கு ஏன்? பனையோலையில செய்யலாமே." செய்யலாம், வடிவா இருக்கும். ஆனால் ரெண்டு விசயம். 1839 இல் ஹம்பேர்க் நகரில் யோகான் விக்கர்ன் என்ற பாதிரியார், தான் பராமரித்த ஏழைப் பிள்ளைகள் நத்தாருக்கு நாள் எண்ணுவதற்காக ஒரு மரச்சில்லில் மெழுகுதிரிகள் வைத்தார். இன்றைக்குக் கோயிலில் காண்கிற திருவருகைக்கால வளையத்தின் தொடக்கம் அது என்கிறார்கள். கையில் கிடைத்த சில்லு அது. பெரியம்மாவின் கையில் கிடைத்தது உடுப்புக் கொழுவுற கம்பி. எது எங்கட பண்பாடு என்று அவவின்ர கதவுக்கு முன்னால நின்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆர்? ரெண்டாவது, பனை அபிவிருத்திச் சபை 1978 இல் வந்தது, ஓலைப்பெட்டியும் பாயும் எங்கட பண்பாடு என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். பேசி முடிச்சு இறங்கி வந்து அந்தப் பெட்டிக்கும் பேரம்தான் பேசுகிறோம். ஓலைக்கு மாறினால் கூலி வரும் என்றால் நாளைக்கே மாறலாம். பிரச்சினை நூலிலும் இல்லை, ஓலையிலும் இல்லை.

அப்ப என்ன செய்யிறது?

புரட்சி ஒண்டும் கேக்கேல்லை. நாலு விசயம்.

அன்பளிப்பு வேறை, விற்பனை வேறை. பெரியம்மா எனக்குப் பின்னித் தந்தால் அது அன்பு; நான் அதுக்கு விலை பேசமாட்டன். ஆனால் காசு கைமாறுகிற இடத்தில் அன்பை இழுத்துப் பேரம் பேசக்கூடாது. "சொந்தக்காரர்தானே" என்று சொல்லுகிறவர் கூடக் குடுக்கவேணும், குறைக்கக்கூடாது.

படம் போட்டு விற்கிற தம்பி தங்கச்சிமார், விலைக்குப் பக்கத்தில மணித்தியாலத்தையும் எழுதுங்கோ. 'குரோசே வளையம், 6 மணித்தியால வேலை, நூல் 480, கூலி 925' என்று. வாங்குகிறவர் அதைப் பார்த்துக்கொண்டு பேரம் பேசட்டும், பார்ப்போம்.

ஓடர் என்றால் பாதிக் காசு முதல்ல. நூல் வாங்க அவ கடன்படக்கூடாது. நத்தாருக்கு என்றால் கார்த்திகைக்கு முதல் சொல்லவேணும். கடைசிக் கிழமையில வந்து நித்திரையையும் சேர்த்து வாங்காதேங்கோ.

ஒரு ஊரில் ஐந்து பேர் பின்னினால், ஐந்து பேரும் ஒரே விலை சொல்லவேணும். "அந்த வீட்டில 700க்குத் தருகினம்" என்பதுதான் பேரம் பேசுகிறவரின் ஒரே ஆயுதம். அந்த ஆயுதத்தைப் பறிக்க சங்கம் பதியத் தேவையில்லை, ஒரு பின்னேரம் ஒரு விறாந்தையில இருந்து தேத்தண்ணி குடிச்சாலே போதும்.

நான் அந்தக் கணக்கைப் பெரியம்மாவுக்குக் காட்டினன். மணிக்கு 44 ரூபா என்றதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு கேட்டா, "அப்ப அந்தத் தம்பி என்னை ஏமாத்திப்போட்டான் எண்டுறியோ?"

"இல்லைப் பெரியம்மா. அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. 900 எண்டு போட்டது நான்தானே."

"ஓம், அதுவும் சரிதான்" எண்டா.

எனக்கு அது நல்லா வேணும். இப்ப சுவரில தொங்குகிற கலண்டரில, பின்னத் தொடங்கிற நேரமும் முடிக்கிற நேரமும் பென்சிலால குறிச்சு வைக்கிறா. இந்த வருச நத்தாருக்கு விலை 1500. சின்னது 500. போன முறை வாங்கின ஏழு பேரில ரெண்டு பேர் ஓம் எண்டிட்டினம், மூண்டு பேர் பதில் போடேல்லை, ரெண்டு பேர் "கூடிப்போச்சு" எண்டு எழுதியிருக்கினம்.

கூடேல்லை. இவ்வளவு நாளும் குறைஞ்சு கிடந்தது.